கார்ல் மில்லஸ்: வானத்தில் நிற்கும் வெண்கலம்

ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வழங்கும் கச்சேரி அரங்கத்தின் வாசலில் ஒல்லி ஒல்லியாக நிற்கும் அந்த வெண்கல உருவங்கள் யாருடைய கைவேலை, அந்தச் சிற்பி வேறு என்னென்ன செய்தார், அவரை இவ்வளவு கொண்டாடுவது நியாயம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல முதல் இரண்டையும் கொஞ்சம் விரித்தே ஆக வேண்டும்.

அவர் பெயர் கார்ல் மில்லஸ். 1875-இல் பிறந்து 1955-இல் இறந்தார். சுவீடனில் ஒரு நகரச் சதுக்கத்தின் நடுவே நீரூற்றும் வெண்கலச் சிலையும் சேர்ந்து கண்ணில் பட்டால், அது அவர் செய்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அமெரிக்காவிலும் டெட்ராய்ட், செயின்ட் லூயிஸ், செயின்ட் பால், கன்சாஸ் சிட்டி என்று பல ஊர்களில் அவர் வேலை நிற்கிறது.

மில்லஸைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். பார்ப்பவர் கீழே நிற்பார், சிலை தலைக்கு மேலே இருக்கும், அதற்குப் பின்னால் சுவர் கிடையாது, வானம்தான் இருக்கும் என்ற கணக்கோடுதான் அவர் களிமண்ணைத் தொட்டார். கால் ஏன் இவ்வளவு மெலிவு, உடம்பு ஏன் இவ்வளவு நீளம், பீடம் ஏன் கொடிமரம் மாதிரி உயர்ந்து நிற்கிறது என்ற கேள்விகள் எல்லாம் இந்த இடத்தில் வந்து முடிந்துவிடும்.

நீங்கள் கேட்ட சிலையையே எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ஆர்ஃபியஸ். காய்கறியும் பூவும் விற்கும் சந்தைச் சதுக்கத்தை ஒட்டி, நீல நிற முகப்புள்ள கச்சேரி அரங்கின் படிக்கட்டுக்கு முன்னால் நிற்கிறது. கிரேக்கப் புராணத்தில் ஆர்ஃபியஸ் பெரிய இசைக்காரன். செத்துப்போன மனைவியைத் திரும்பக் கேட்டுப் பாதாளத்துக்கே போனவன். மில்லஸ் செய்த ஆர்ஃபியஸ், பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் மேல் நின்று யாழை மீட்டுகிறான். கீழே சுற்றி எட்டுப் பேர், ஆணும் பெண்ணுமாக, இசை காதில் விழுந்து விழித்துக்கொண்ட இறந்தவர்கள். அவர்கள் தரையில் நிற்கிறார்களா, மேலே எழும்புகிறார்களா என்று சொல்வது கஷ்டம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தலையைச் சாய்த்துக் கேட்கிறார்கள். ஒரு முகத்தில் பீத்தோவன் சாயல். காது கேட்காமல் போன இசையமைப்பாளரை, இசை கேட்டு எழுபவர்களின் கூட்டத்தில் சேர்த்திருக்கிறார்!

இந்த அரங்கைக் கட்டியவர் இவார் டெங்பொம் என்ற கட்டடக் கலைஞர். திறந்தது 1926-இல். சிலை வந்ததோ பத்து ஆண்டு கழித்து, 1936-இல். அதனால் 1930-இல் சர் சி. வி. ராமன் பரிசு வாங்க இந்தப் படியேறியபோது ஆர்ஃபியஸ் அங்கே இல்லை. 1983-இல் சுப்ரமணியன் சந்திரசேகர் போனபோது இருந்தான்.

சரி, ஆள் எங்கிருந்து வந்தார்? உப்சாலாவுக்குப் பக்கத்தில் லாக்கா என்ற கிராமம். அப்பா எமில் ஆண்டர்சன் ராணுவ அதிகாரி. அவருக்கு 'மில்லே' என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. பிள்ளைகள் அதையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். கார்லின் அக்கா ரூத் மில்லஸும் சிற்பிதான். மாற்றாந்தாய் வழித் தம்பி எவெர்ட் மில்லஸ் கட்டடக் கலைஞர். பள்ளிப் படிப்பில் கார்லுக்கு ஒட்டவில்லை. 1892-இல் ஸ்டாக்ஹோமில் ஒரு தச்சரிடம் வேலை கற்கச் சேர்ந்தார். அப்புறம் தொழில்நுட்பப் பள்ளியில் மரம் செதுக்குவதும் உருவம் பிடிப்பதும் படித்தார்.

1897-இல் அவர் வாழ்க்கை திரும்பிய விதம் வேடிக்கையானது. அந்தக் காலத்தில் சுவீடன் பாணி உடற்பயிற்சிக்கு உலகம் முழுக்க மவுசு. சிலி நாட்டில் அப்படி ஒரு உடற்பயிற்சிப் பள்ளியில் வேலை செய்யத்தான் அவர் கிளம்பினார். வழியில் பாரிஸில் இறங்கினார். அங்கேயே தங்கிவிட்டார். சிலி அதோடு மறந்தே போனது. வயிற்றுப்பாட்டுக்குத் தச்சு வேலை செய்தார், சவப்பெட்டி செய்யும் பட்டறையில்கூட. மிச்ச நேரத்தில் கொலரோஸி அகாதமியில் வகுப்பு, அருங்காட்சியகங்களில் மணிக்கணக்காக நடை. அப்போது பாரிஸில் பிரெஞ்சுச் சிற்பி ரோடானின் ஆட்சி. இளம் மில்லஸின் சின்னச் சிலைகளில் ரோடானின் கைரேகை அப்படியே தெரியும்: கரடுமுரடான மேல்பரப்பு, காற்றில் குனிந்து நடக்கும் ஏழைப் பெண்கள், மங்கலான முகங்கள். நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தக் கட்டத்தோடு நின்றிருந்தால் இன்று யாரும் அவரைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

1904-இல் மியூனிக் போனார். அங்கே அடால்ஃப் வான் ஹில்டெப்ராண்ட் என்ற சிற்பியின் செல்வாக்கு அவரை வேறு பக்கம் திருப்பியது. தெளிவான வெளிக்கோடு, கட்டடத்தோடு ஒத்துப்போகும் உருவம் என்று யோசிக்க ஆரம்பித்தார். 1905-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து ஓவியர் ஓல்கா கிரானரைக் கல்யாணம் செய்துகொண்டார். கல் தூசியை வருடக்கணக்காகச் சுவாசித்ததில் நுரையீரல் கெட்டு, நீண்ட நாள் படுத்த படுக்கையாகவும் இருந்தார். பிற்காலப் பெரிய வேலைகளில் வெண்கலம் இவ்வளவு தூக்கலாக இருப்பதற்கு அந்த நோயும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் வெண்கலத்துக்கு அதைவிட நல்ல காரணம் ஒன்று உண்டு. கல் இழுவிசையைத் தாங்காது. ஒற்றைக் காலில் நிற்கும் மனிதனைக் கல்லில் செய்தால் கணுக்காலில் ஒடிந்துவிடும். அதனால்தான் பழைய பளிங்குச் சிலைகளில் காலோடு ஒட்டி, அதே கல்லில் செதுக்கிய ஒரு அடிமரம் முட்டுக்கொடுத்து நிற்கும். உள்ளே வெற்றிடமாக வார்த்த வெண்கலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கை, கால், வால், சிறகு எதை வேண்டுமானாலும் காற்றில் நீட்டலாம். மில்லஸ் இந்தச் சுதந்திரத்தைக் கடைசித் துளிவரை பயன்படுத்திக்கொண்டார்.

உப்சாலாவில் ஸ்டென் ஸ்டூரே என்ற பதினைந்தாம் நூற்றாண்டு சுவீடன் தலைவருக்கு நினைவுச்சின்னம் எழுப்ப 1900-களின் தொடக்கத்தில் ஒரு போட்டி நடந்தது. மில்லஸின் மாதிரிக்கு முதல் பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் வேலை கடைசியில் அவர் கைக்கே வந்தது. முடித்துத் திறந்தது 1925-இல்! கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு. அந்த இடைவெளியில் சிற்பி மாறிவிட்டதால் சிலையில் பழைய மில்லஸும் புதிய மில்லஸும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அது பெரிதாகப் பிடித்ததில்லை.

புதிய மில்லஸ் எப்படி இருந்தார்? 1910-களில் அவருக்குக் கிரேக்கர்களின் பழங்காலச் சிற்பம், இடைக்காலத் தேவாலயச் சிற்பம் இரண்டின் மேலும் பைத்தியம் பிடித்தது. உருவத்தை எளிமையாக்கினார். கண், முடி, தசைநார் எல்லாம் ஆழமான கோடுகளாக மாறின. 1917 வாக்கில் தம் பழைய மாதிரிகளில் பெரும்பகுதியைத் தாமே உடைத்துப் போட்டார். 1920-இல் ஸ்டாக்ஹோம் அரச கலைக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அடுத்து வந்த ஆண்டுகள் அவருடைய பொற்காலம். என்னைக் கேட்டால் அவர் பெயர் நிற்பதற்கு 1925-க்கும் 1940-க்கும் நடுவில் செய்தவையே போதும்.

அந்தக் காலத்து நீரூற்றுகளில் எனக்கு முதலிடம் லிங்ஷோப்பிங் நகரத்தில் 1927-இல் வைத்த ஃபோல்க்கே ஃபில்பீட்டருக்கு. ஃபோல்க்குங் அரச வம்சத்தின் மூதாதை என்று கதைகள் சொல்லும் ஒரு முரட்டுக் கிழவன் அவன். காணாமல் போன பேரனைத் தேடிக் குதிரையில் ஊர் ஊராக அலைகிறான். குதிரை மேல் ராஜா உட்கார்ந்த சிலை ஐரோப்பாவில் ஆயிரம் உண்டு. எல்லாவற்றிலும் குதிரை மிடுக்காகக் காலைத் தூக்கும், ராஜா நேராகப் பார்ப்பார். இங்கே குதிரை களைத்து, ஈரப் பாறையில் கால் வழுக்கித் தடுமாறுகிறது. கிழவன் குனிந்து, கழுத்தை நீட்டி, கீழே எதையோ தேடுகிறான். சதுக்கத்தில் நிற்கும் உங்களைத்தான் தேடுகிறானோ என்று தோன்றும். வீரத்துக்கு வைக்கும் வடிவத்தை எடுத்துத் தவிப்புக்கு வைத்ததுதான் இதில் இருக்கும் சாமர்த்தியம்.

அதற்கு ஓராண்டு முன்னால், 1926-இல், ஹால்ம்ஸ்டாட் நகரத்துக்கு 'யூரோப்பாவும் காளையும்' வந்தது. கிரேக்கப் புராணத்தில், காளை வடிவில் வந்த சீயஸ் கடவுள் யூரோப்பா என்ற இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகும் கதை. ஓவியர்கள் இதைக் கடத்தலாகவே வரைந்து பழகியவர்கள். மில்லஸ் காளையின் தலையைப் பின்னால் திருப்பி, அதன் நாக்கு அவள் நீட்டிய கையைத் தொடும்படி வைத்தார். முழுச் சிலையும் அந்த நாக்குக்கும் விரலுக்கும் நடுவேதான் நடக்கிறது. சுற்றிலும் மீன் வால் கொண்ட கடல்வாசிகள் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள்.

மில்லஸுக்குத் தண்ணீர் அலங்காரம் கிடையாது. அது வேலையில் ஒரு பாகம். வெண்கலம் அசையாது, தண்ணீர் அசைந்துகொண்டே இருக்கும். இரண்டையும் சேர்த்தால் அசையாத உருவம் அசைவதுபோல ஆகிவிடும். எந்த வாயிலிருந்து எந்தக் கோணத்தில் தாரை கிளம்ப வேண்டும், அது யார் தோளில் விழ வேண்டும் என்பது வரை திட்டம் இருக்கும். அதனாலேயே குளிர்காலத்தில் குழாயை மூடிய பிறகு இவற்றைப் பார்ப்பவர்களுக்குப் பாதி சிலைதான் கிடைக்கும்.

கோதன்பர்க் நகரத்தின் பொசைடன்தான் இவற்றில் பிரபலம். ஊரின் பெரிய சாலை நேராகப் போய் முட்டும் கோட்டாபிளாட்சென் சதுக்கத்தில், கலை அருங்காட்சியகத்துக்கு முன்னால், 7 மீட்டர் உயரக் கடல் கடவுள். ஒரு கையில் மீன், இன்னொரு கையில் சங்கு, உடம்பில் பொட்டுத் துணி இல்லை. நீரூற்றுத் தொட்டி 1927-இல் வந்தது, கடவுள் 1931-இல் வந்தார். நடுவே பெரிய ரகளை. மாதிரியைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தபோது, கடவுளின் ஆண்குறி தேவைக்கு மேல் பெரிது என்று ஊர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள். மில்லஸ் அதைச் சிறிதாக்கினார். ஆனால் பக்கத்தில் இருக்கும் இசையரங்கின் படிக்கட்டில் நின்று பார்த்தால், கடவுள் கையில் பிடித்திருக்கும் மீன் சரியான இடத்துக்கு வந்து, வெட்டியதை வட்டியோடு திருப்பித் தருகிறது என்று அந்த ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிற்பி வேண்டுமென்றே செய்தாரா என்றால், அவர் குணத்துக்கு அது ஒன்றும் பொருந்தாததில்லை. இன்று பொசைடன்தான் கோதன்பர்க்கின் அடையாளம்.

ஸ்டாக்ஹோமில் இன்னும் மூன்றைச் சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் ஓரமாக 1926-இல் வைத்த 'சூரியப் பாடகன்': கை இரண்டையும் உயர்த்திச் சூரியனைப் பார்த்துப் பாடும் இளைஞன், எசாயஸ் டெக்னேர் என்ற கவிஞருக்குச் சுவீடிஷ் அகாதமி செய்வித்த நினைவு. தீப்பெட்டி மன்னன் என்று பெயரெடுத்த இவார் குரூகரின் தலைமை அலுவலக முற்றத்தில் 1928-இல் வைத்த டயானா நீரூற்று. குரூகர் நான்கே ஆண்டில் திவாலின் விளிம்பில் பாரிஸில் இறந்துபோனார், டயானா அங்கேயே இருக்கிறாள். மூன்றாவது, நோர்டிக் அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் உட்கார்ந்திருக்கும் குஸ்தாவ் வாசா மன்னர். ஓக் மரத்தில் செதுக்கி வண்ணம் பூசியது. உள்ளே நுழைந்ததும் கொஞ்சம் மிரட்டும். தச்சுப் பட்டறையில் தொடங்கியவர் அல்லவா, மரத்தில் அவர் கை தனி.

1931-இல் அவர் வாழ்க்கையின் இரண்டாம் பாகம் தொடங்கியது. டெட்ராய்ட்டுக்கு வெளியே புளூம்ஃபீல்ட் ஹில்ஸில் ஜார்ஜ் பூத் என்ற பத்திரிகை முதலாளி கிரான்புரூக் என்ற கலைக் கல்வி வளாகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஏலியல் சாரினன் அதை வடிவமைத்தார். மில்லஸை வளாகச் சிற்பியாக அழைத்தார்கள். வகுப்பெடுக்க வேண்டிய கட்டாயம் பெரிதாக இல்லை. பட்டறை, வீடு, வேலை செய்ய ஆட்கள் எல்லாம் உண்டு. எந்தச் சிற்பிக்குத்தான் கசக்கும்? இருபது ஆண்டு அங்கே இருந்தார். 1945-இல் அமெரிக்கக் குடிமகனும் ஆனார். வளாகம் முழுக்க இன்று அவர் சிலைகள். ஆர்ஃபியஸ் நீரூற்று அங்கேயும் உண்டு, ஆனால் நடுவில் ஆர்ஃபியஸ் கிடையாது. எட்டுப் பேர் மட்டும் வட்டமாக நின்று, இல்லாத ஒருவன் வாசிப்பதைக் கேட்கிறார்கள். ஸ்டாக்ஹோமில் இருப்பதைவிட இது நன்றாக இருக்கிறது என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

அமெரிக்காவில் அவர் செய்த பொது வேலைகளில் மிக விசித்திரமானது மினசோட்டாவின் செயின்ட் பால் நகரமன்றக் கட்டடத்துக்குள் இருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்த உள்ளூர் வீரர்களுக்கு நினைவுச்சின்னம் வேண்டும் என்று கேட்டார்கள். துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் வந்திருக்க வேண்டிய இடம் அது. மில்லஸோ ஓக்லஹோமாவில் தாம் பார்த்த செவ்விந்தியர்களின் சடங்கு ஒன்றை நினைவில் வைத்து, வட்டமாக உட்கார்ந்து சமாதானச் சுங்கான் புகைக்கும் ஐந்து பேரையும், அந்தப் புகையிலிருந்து எழும் சமாதானக் கடவுளையும் செய்தார். வெள்ளை மெக்சிகோ ஓனிக்ஸ் கல், ஏறக்குறைய 11 மீட்டர் உயரம், 60 டன் எடை. இருண்ட பளிங்குச் சுவர்களுக்கு நடுவே அது பனிப்பாறை மாதிரி ஒளிரும். போதாக்குறைக்கு, சிலை மெதுவாக இடமும் வலமும் திரும்புகிறது! அடியில் மோட்டார் இருக்கிறது. 1936-இல் திறந்தது, 1994-இல் 'சமாதானக் கனவு' என்று பெயர் மாற்றினார்கள். வானம் இல்லாத இடத்தில், கூரைக்கு அடியில், அவர் செய்த பெரிய வேலை இது. அசைவைத் தண்ணீரிடம் வாங்க முடியாததால் மோட்டாரிடம் வாங்கினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

செயின்ட் லூயிஸ் கதை கோதன்பர்க் கதையின் அமெரிக்கப் பதிப்பு. அங்கே மிசிசிப்பி, மிசூரி என்ற இரண்டு பெரிய ஆறுகள் ஊருக்குப் பக்கத்தில் கலக்கின்றன. ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு நீரூற்று வேண்டும் என்று, லூயிஸ் அலோ என்ற நகரப் பிரமுகரின் நினைவாக அவர் மனைவி ஈடித் அலோ பெரும் தொகை கொடுத்தார். மில்லஸ் மிசிசிப்பியை மாப்பிள்ளையாகவும் மிசூரியைப் பெண்ணாகவும் செய்து, இரண்டு பக்கமும் மீன், கடல்கன்னி, கடல்வாசி என்று ஒரு கல்யாண ஊர்வலத்தையே இறக்கிவிட்டார். மணமக்கள் உட்பட யாருக்கும் உடை கிடையாது. 'ஆறுகளின் திருமணம்' என்று பெயர். அம்மணக் கல்யாணமா என்று ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில் 'நீர்களின் சந்திப்பு' என்று பெயரை மாற்றி 1940 மே மாதம் திறந்தார்கள். சிலையில் யாரும் கைவைக்கவில்லை, பெயர்ப்பலகைக்கு மட்டும் துணி கட்டினார்கள். மிசிசிப்பி ஒரு பூவை நீட்டிக்கொண்டு கொஞ்சம் அவசரமாக முன்னே வருகிறான். மிசூரி வெட்கத்தில் தயங்கி நிற்கிறாள்.

போருக்குப் பிறகு செய்தவற்றில் இரண்டை விடக்கூடாது. ஒன்று 'மனிதனும் பெகாசஸும்'. உயரத் தூணின் நுனியில் சிறகுக் குதிரை பாய்கிறது, அதற்கு மேலே அதோடு சேர்ந்து ஒரு மனிதன் பறக்கிறான். அயோவா மாநிலத்தின் டி மாயின், சுவீடனின் மால்மோ, ஜப்பானின் ஹக்கோனே எல்லா இடத்திலும் இதன் வார்ப்பு உண்டு. முதலில் சொன்ன வானக் கணக்கை மில்லஸ் எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்று பார்க்க இது ஒன்றே போதும்.

இன்னொன்று 'கடவுளின் கை'. பிரம்மாண்டமான ஒரு கை மேல்நோக்கி விரிந்திருக்கிறது. அதன் கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் கால் ஊன்றி, சின்னதாக ஒரு மனிதன் அண்ணாந்து பார்க்கிறான். இது யாருக்காகச் செய்யப்பட்டது என்பது கோயம்புத்தூர் லேத் பட்டறைக்காரர்களுக்குப் பிடிக்கும். எஸ்கில்ஸ்டூனா நகரத்துக்காரரான சி. இ. யோஹான்சன் நினைவாகச் செய்தது. பட்டறையில் அளவு சரிபார்க்க வைத்திருக்கும் ஸ்லிப் கேஜ் செட்டைக் கண்டுபிடித்தவர் அவர். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் அந்த எஃகுத் துண்டுகள்தான் ஒரே அளவில் உதிரிபாகங்களைக் குவிக்க வழி செய்தன. பின்னாளில் அவர் ஃபோர்டு நிறுவனத்திலும் வேலை பார்த்தார். மைக்ரான் கணக்கில் துல்லியம் தேடிய ஒரு மனிதரை, அளவே இல்லாத ஒரு கையின் விரல் நுனியில் மில்லஸ் நிறுத்தியிருக்கிறார். இதே சிலையின் இன்னொரு வார்ப்பு டெட்ராய்ட்டில், ஃபிராங்க் மர்ஃபி நினைவாக, மோட்டார் தொழிலாளர் சங்கத்தின் உதவியோடு 1970-இல் நிறுவப்பட்டது. மர்ஃபி மிச்சிகன் ஆளுநராக இருந்தபோது, வேலைநிறுத்தம் செய்து ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்ட தொழிலாளர்களைப் படையை விட்டு விரட்ட மறுத்தவர்.

இனி கசப்பான விஷயம். 1930-களிலும் போர்க் காலத்திலும் மில்லஸ் எழுதிய கடிதங்களில் ஹிட்லர், முசோலினி, ஃபிராங்கோ மீது அவருக்கு இருந்த அபிமானம் தெளிவாகத் தெரிகிறது. சுவீடனில் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார்கள். சமாதானக் கடவுளைச் செய்த அதே ஆண்டுகளில்தான் இந்தக் கடிதங்களும். கலைஞனுக்கு அரசியல் தெரியாது, குழந்தை மனசு என்றெல்லாம் சிலர் பூசி மெழுகுவார்கள். அறுபது வயது ஆள் குழந்தை இல்லை. அதே நேரம் சிலைகளில் அந்த அரசியல் தெரிகிறதா என்று நான் தேடிப் பார்த்த வரையில், அந்தச் சர்வாதிகாரிகளின் சிற்பிகள் செய்த புடைத்த மார்பும் முறுக்கிய தாடையும் இவரிடம் இல்லை. இவருடைய ஆட்கள் தடுமாறுகிறார்கள், வெட்கப்படுகிறார்கள், காது கொடுத்துக் கேட்கிறார்கள். இது அவரை மன்னிக்க ஒரு காரணம் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் தெரிந்துகொண்டு பார்ப்பதுதான் சரி.

அவர் வீடும் ஒரு பொது வேலைதான். ஸ்டாக்ஹோமை ஒட்டிய லிடிங்கோ தீவில் 1906-இல் ஒரு பாறைச் சரிவை வாங்கினார்கள். 1908-இல் வீடு தயாரானது. அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டு பாறையை வெட்டி வெட்டி அடுக்கு மேடைகளாக்கினார். எவெர்ட்டும் கூட நின்று வடிவமைத்தார். 1936-இல் கார்லும் ஓல்காவும் அந்த இடத்தை ஓர் அறக்கட்டளையாக்கிச் சுவீடன் மக்களுக்கே கொடுத்துவிட்டார்கள். மில்லஸ்கோர்டன் என்று பெயர். அவர் செய்தவற்றில் முக்கியமான பலவற்றின் வார்ப்புகள் அங்கே தூண்களின் மேல், கடல் நீரையும் வானத்தையும் பார்த்தபடி நிற்கின்றன. ஓல்காவின் ஓவியங்களும் உண்டு. நல்ல உருவப்பட ஓவியர் அவர். கணவனின் வேலைக்கு நடுவே அவருடையது ஒதுங்கிப்போனது என்பதும் அந்த வீட்டின் கதைதான்.

1951-இல் மில்லஸ் அமெரிக்காவை விட்டுக் கிளம்பி, குளிர்காலத்தை ரோமிலும் கோடையை லிடிங்கோவிலும் கழித்தார். 1955 செப்டம்பர் 19 அன்று லிடிங்கோ வீட்டில் இறந்தார். மில்லஸ்கோர்டனிலேயே ஒரு சின்ன வனத் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1967-இல் இறந்த ஓல்காவும் அங்கேதான். அவர் கடைசியாகச் செய்த பெரிய வேலை, கன்சாஸ் சிட்டியின் புனித மார்ட்டின் நீரூற்று, 1958-இல்தான் திறக்கப்பட்டது. குளிரில் நடுங்கும் பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியைக் கிழித்துக் கொடுக்கும் புனிதர், சுற்றிலும் தேவதூதர்கள். அந்தத் தேவதூதர்களில் ஒருவர் கையில் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறார்! எண்பது வயதை நெருங்கும்போதும் குறும்பு போகவில்லை.

அவர் இறந்த பிறகு நாற்பது ஆண்டு கழித்தும் ஒரு புதிய மில்லஸ் சிலை எழுந்தது. 1946-இல் நியூயார்க்கின் ஐக்கிய நாடுகள் சபைக்கு என்று அவர் ஒரு மாதிரி செய்தார்: தரையிலிருந்து கிளம்பும் பெரிய வானவில் வளைவு, அதன் நுனியில் கடவுள் நின்று நட்சத்திரங்களை வானத்தில் மாட்டுகிறார், கீழிருந்து ஒரு தேவதூதன் நட்சத்திரங்களை எடுத்துப் போட்டுக் கொடுக்கிறான். நியூயார்க்கில் அது நடக்கவில்லை. கிரான்புரூக்கில் அவரிடம் வேலை கற்ற மார்ஷல் ஃபிரெடரிக்ஸ், தாமே பெரிய சிற்பியாகி முதுமை அடைந்த பிறகு, அந்தச் சின்ன மாதிரியைப் பெரிதாக்கி 1995-இல் முடித்தார். அப்போது அவருக்கு 87 வயது. ஸ்டாக்ஹோமுக்குக் கப்பலில் வருபவர்கள் நாக்கா கரையில் அதைப் பார்க்கலாம். வளைவின் நுனியிலிருந்து தண்ணீர் பீறிட்டு வெளியே விழும், வானவில்லின் மிச்சப் பாதியைத் தண்ணீர் வரைகிறது.

ஆக, மூன்றாவது கேள்வி: கொண்டாட்டம் நியாயமா? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த விமர்சகர்களில் பலர் அவரை அலங்காரக்காரர், பழங்கதை சொல்பவர் என்று ஒதுக்கினார்கள். பாதி உண்மை. வர்ஜீனியாவின் ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு 1952-இல் அவர் செய்த 'நம்பிக்கை ஊற்று', முப்பதுக்கும் மேற்பட்ட உருவங்களோடு மறுமையில் உறவுகள் ஒன்றுசேர்வதைக் காட்டுவது, எனக்கு இனிப்பு தூக்கலாகவே தெரிகிறது. ஆனால் ஒரு சதுக்கத்தில், சந்தைக்கு வந்த மனிதரை நிறுத்தி மேலே பார்க்க வைப்பது எப்படி என்பதில் இருபதாம் நூற்றாண்டில் அவருக்கு நிகரானவர்கள் சிலர்தான்.

ஸ்டாக்ஹோம் போகும் எண்ணம் இருந்தால் மே முதல் செப்டம்பருக்குள் போங்கள், ஊற்றுகளில் தண்ணீர் ஓடும். காலையில் ஆர்ஃபியஸ், அப்புறம் நடந்தே சூரியப் பாடகன். மதியம் மெட்ரோவில் ரோப்ஸ்டென் வரை போய், பாலம் தாண்டினால் லிடிங்கோ. மில்லஸ்கோர்டனில் அவசரப்பட்டு மேல் மேடையோடு திரும்பிவிடாதீர்கள். கீழ் மேடைக்கு இறங்கி, பெகாசஸுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். மேகம் ஓடுகிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது.